ஐயந்திரிபு அறக் காண்டல்: பொறியியல் மாணாக்கர்க்குப் பரிசோதனை முறை பயிற்றுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



இத்தகைய கூட்டங்களிலே பேச வருவோர் சமயத்தையோ இலக்கியத்தையோ பொருளாகக் கொள்வதே பெருவழக்கு. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ ஆய்வுகூடத்து மேசையைச் சார்ந்தது. பொறியியற் பட்டப்படிப்பு மாணாக்கர்க்குப் பரிசோதனை முறையை எவ்வாறு பயிற்றுதல் வேண்டும் என்பதே அது. 'இஃது ஆசிரியர்கள் தமக்குள்ளே பேசித் தீர்க்க வேண்டிய விடயமன்றோ? எமக்கென்ன?' எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. நாம் நடக்கும் பாலமும், நம் வயலுக்கு நீர் தேக்கும் அணைக்கட்டும், நம் பிள்ளைகள் ஏறிச் செல்லும் பேருந்தும், எவனோ ஒருவன் ஒரு கருவியைப் பார்த்து எழுதிய எண்களின்மேல் நம்பிக்கை வைத்தே செய்யப்பட்டுள்ளன. அவ்வெண்களை அவன் உண்மையாக எழுதினானா, அவற்றின் குறைநிறைகளை அறிந்து எழுதினானா என்பது நம் எல்லோரையும் பற்றிய கேள்வியே. மேலும், நம் இளைஞர்களிலே பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் கிளிநொச்சி அறிவியல் நகருக்கும் பொறியியல் பயிலச் செல்வோர் உளர். அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் உளர். ஆதலின் இப்பொருளை இவ்வவையிலே பேசத் துணிந்தோம்.

நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. பரிசோதனை என்பது முன்னரே அறிந்த விடையை மீண்டும் பெற்றுக் காட்டும் சடங்கன்று. இயற்கையை நோக்கி நாம் விடுக்கும் வினா. அவ்வினாவிற்குக் கிடைத்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லத் தெரிதலே பரிசோதனைக் கல்வியின் பயன். இதனைக் கற்பிக்காத செய்முறை வகுப்பு, எத்தனை மணி நேரம் நடந்தாலும், கைக்கு வேலையாகுமேயன்றிக் கருத்துக்குக் கல்வியாகாது.

வழக்கமான வகுப்பு

உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே செய்முறை வகுப்பு நடைபெறும் விதத்தைச் சற்று நோக்குவோம். மாணாக்கன் உள்ளே நுழையுமுன்பே கருவிகள் பொருத்தி வைக்கப்பட்டிருக்கும். அவன் கையிலே ஓர் அறிவுறுத்தல் தாள் கொடுக்கப்படும். 'இத்திருகைத் திருப்புக, இவ்வாசிப்பைக் குறிக்க, ஐந்து முறை செய்க, வரைபு வரைக, சாய்விலிருந்து மாறிலியைக் கணிக்க' என்று அது படிப்படியாகக் கூறும். கணிக்கப்பட வேண்டிய மாறிலியின் பெறுமானம் பாடநூலிலே முன்னரே அச்சாகியுள்ளது. புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.81 என்பதை அவன் பாடசாலையிலேயே மனனம் செய்துவிட்டான். இப்பொழுது அவனுடைய கொப்பியிலே 9.4 வருகின்றது. அவன் என்ன செய்வான்?

அவனுக்கு மூன்று வழிகள் உண்டு. ஏன் 9.4 வந்தது என்று ஆராயலாம். ஆனால் வகுப்பு முடியும் நேரம் நெருங்கிவிட்டது. 9.4 என்றே எழுதி, 'மனித வழு காரணமாக' என்று ஒரு வரி சேர்க்கலாம், புள்ளி குறையும். அல்லது சென்ற ஆண்டு மாணவன் ஒருவனுடைய கொப்பியைத் தேடிப் பிடித்து, வாசிப்புகளை அங்குமிங்கும் சிறிது நகர்த்தி, 9.79 வரச் செய்யலாம். புள்ளி நிறையக் கிடைக்கும். இவற்றுள் எவ்வழியை வகுப்பு முறையே அவனுக்குக் காட்டுகின்றது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவன் தீயவனல்லன். விடைக்குப் புள்ளி கொடுத்து, அவ்விடைக்கு வந்த வழிக்குப் புள்ளி கொடாத முறையே அவனைப் பொய்க்குப் பழக்குகின்றது. அவ்வாறு பழகிய கை, பின்னொரு நாள் பாலமொன்றுக்கான கொங்கிறீற்றின் வலிமையைச் சோதிக்கும்போதும் அவ்வாறே எழுதிவிடுமோ என்பதுதான் நமது அச்சம்.

அம்முறை பாடத்தைத்தானும் நன்கு கற்பிக்கின்றதா எனின், அதுவும் இல்லை. 2001ஆம் ஆண்டிற் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் என்பாரும் நடாஷா ஹோம்ஸ் என்பாரும், விரிவுரைப் பாடத்தை வலுப்படுத்துவதற்கென்றே நடத்தப்பட்ட செய்முறை வகுப்புகளை ஆராய்ந்தனர். அவ்வகுப்புகளுக்குச் சென்றவர்க்கும் செல்லாதவர்க்கும் இடையே, அப்பாடப் பகுதிகளுக்கான பரீட்சை வினாக்களில், அளவிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை என அவர்கள் 2018இல் எடுத்துரைத்தனர். செலவும் உழைப்பும் மிகுந்த ஒரு கல்வி முறை, எதற்காக ஏற்பட்டதோ அதனையே செய்யவில்லை எனின், அதன் நோக்கத்தை மாற்றியமைத்தல் கடனன்றோ?

ஐயமும் திரிபும்

இவ்விடத்திலே நம் மரபிலுள்ள இரு சொற்கள் நமக்குக் கைகொடுக்கின்றன. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரிலே பொருள்களைப் பற்றிச் சொல்லுமுன் அளவைகள் சொல்லப்படுகின்றன. எதனால் அறிகின்றோம் என்பதைத் தெளிந்த பின்னரே எதனை அறிகின்றோம் என்று பேசுதல் தகும் என்பது அம்முறையின் கருத்து. காண்டல், கருதல், உரை என்பன அளவைகள். அவற்றுள் காண்டலிலேயே இரு குற்றங்கள் உள என்பர். தூரத்தே நிற்பது குற்றியோ மகனோ எனத் தடுமாறுதல் ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுதல் திரிபு. 'ஐயந்திரிபறக் கற்றான்' என்று நாம் நாள்தோறும் வழங்கும் தொடரிலே இவ்விரண்டும் அடங்கியுள்ளன.

நம் முன்னோர் ஆய்வுகூடக் கருவிகளைப் பற்றி அன்றே கூறிவிட்டனர் என்று நாம் வலிந்து பொருள் கொள்ள வரவில்லை. அவர் ஆராய்ந்த விடயம் வேறு. ஆயினும் பரிசோதனை செய்வோன் அறியவேண்டிய இரு பெரும் வழுக்களை மனத்திற் பதிய வைப்பதற்கு இவற்றினும் நல்ல சொற்கள் இல்லை.

ஒரு கம்பியின் விட்டத்தை நுண்மானித் திருகுக் கணிச்சியாற் பத்து முறை அளந்தால், பத்து விடைகளும் சிறிது சிறிது வேறுபடும். இது ஐயத்தைப் போன்றது. எழுமாற்று வழு என்பர். பலமுறை அளந்து இடையைக் காணும்போது இது குறையும். நூறு முறை அளந்தால் இடையிலுள்ள ஐயம் பத்திலொன்றாகும். ஆனால் அக்கணிச்சி மூடியிருக்கும்போதே பூச்சியத்தைக் காட்டாது வேறொன்றைக் காட்டுமாயின், நூறு முறை அளந்தும் பயனில்லை. நூறு விடைகளும் ஒரே பக்கமாகப் பிழைத்திருக்கும். இது திரிபைப் போன்றது. முறைமையான வழு என்பர். இருட்டிலே கிடக்கும் கயிறு ஆயிரம் முறை பார்த்தாலும் பாம்பாகவே தோன்றும். அங்கே வேண்டுவது இன்னொரு முறை பார்த்தலன்று, ஒரு விளக்கு.

பொறியியல் மாணாக்கன் அடிக்கடி சந்திக்கும் திரிபு ஒன்றைச் சொல்வோம். உருக்குக் கோலொன்றை இழுவை இயந்திரத்திற் பூட்டி இழுத்து, தகைப்பையும் விகாரத்தையும் கண்டு யங்கின் மட்டைக் கணிக்கின்றான். உருக்குக்கு அது ஏறத்தாழ 200 கிகாபசுக்கால். இயந்திரத்தின் பிடிகள் எவ்வளவு விலகின என்பதைக் கொண்டு நீட்சியைக் கணிப்பானாயின், விடை அதனினும் மிகக் குறைந்தே வரும். ஏன்? கோல் மட்டும் நீளவில்லை. பிடிகளிலே கோல் சற்று வழுக்குகின்றது, இயந்திரத்தின் உடலும் சற்று வளைகின்றது. அவற்றையெல்லாம் கோலின் நீட்சியென்று அவன் எண்ணிவிட்டான். கோலின்மேலேயே நீட்சிமானியைப் பூட்டி அளந்தால் திரிபு நீங்கும். 'மனித வழு' என்று எழுதிய மாணாக்கன் இதனை ஒருநாளும் காணமாட்டான். 'ஏன் எப்பொழுதும் குறைவாகவே வருகின்றது?' என்று வினாவியவன் காண்பான்.

ஊசல் கற்பிக்கும் பாடம்

இனி, வினாவக் கற்பிப்பது எவ்வாறு? அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பதில்லை. நூலும் குண்டும் நிறுத்தற் கடிகாரமும் போதும்.

ஊசலின் அலைவு காலம் அதன் வீச்சத்தைச் சாராது என்பது பாடசாலைப் பாடம். கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பௌதிக மாணாக்கரிடம் ஊசலை 10 பாகையிலிருந்தும் 20 பாகையிலிருந்தும் விட்டு, இரு அலைவு காலங்களையும் ஒப்பிடும்படி கூறினர். ஒப்பிட்டதோடு விடவில்லை. 'உங்கள் இரு விடைகளும் தத்தம் ஐயத்தின் எல்லைக்குள்ளே ஒத்திருக்கின்றனவா? ஒத்திருப்பின், ஐயத்தைக் குறைத்து மீண்டும் அளந்து பாருங்கள். வேறுபடின், ஏன் என்று காணுங்கள்' என்பதே பணிப்பு.

ஒரு மீற்றர் நீளமான ஊசலை எடுத்துக்கொள்வோம். அதன் அலைவு காலம் இரண்டு செக்கனுக்குச் சற்றே மேல். 10 பாகைக்கும் 20 பாகைக்கும் இடையே அலைவு காலத்தில் உள்ள வேறுபாடு நூறில் ஒரு செக்கனளவே. ஒரேயோர் அலைவை அளப்பவனுடைய கை நடுக்கத்திலே அது மறைந்துபோகும். 'இரண்டும் ஒன்றே, பாடநூல் மெய்' என்று அவன் மகிழ்ந்து வீடு செல்வான். ஐம்பது அலைவுகளைச் சேர்த்து அளப்பவனுக்கோ, வீச்சம் குறையாதிருப்பின், அவ்வேறுபாடு அரைச் செக்கனுக்கு மேலாகப் பெருகித் தோன்றும். வீச்சம் குறையுமே என்ற அடுத்த தடையும் அவனுக்கே தோன்றும். அதற்கும் அவனே வழி காண வேண்டும். ஈற்றிலே, பாடநூற் சூத்திரம் சிறு கோணங்களுக்கே பொருந்தும் அண்ணளவு என்பதை எவரும் சொல்லாமலே தன் கையாற் கண்டுகொள்கின்றான். எத்தனை விரிவுரைகள் கேட்டாலும் இத்தெளிவு வாராது.

இவ்வாறு பயின்ற மாணாக்கரையும் வழக்கமான முறையிற் பயின்றவரையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு கூறுவது யாதெனின், புதுமுறையிற் பயின்றோர் தம் அளவீட்டு முறையைத் தாமாகவே திருத்த முற்பட்டமை மற்றையோரைப் போல் 12 மடங்கு. தம் தரவைக் கொண்டே கொள்கையின் எல்லையைக் கண்டு விளக்கியமை 4 மடங்கு. அப்பழக்கம் அடுத்த ஆண்டு வகுப்பிலும் அவர்களிடம் காணப்பட்டது.

பாயத்தின் பாட்டையிலே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. 1883இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலே ஒஸ்போர்ன் ரெயினோல்ட்ஸ் என்னும் பேராசிரியர் கண்ணாடிக் குழாயூடாக நீரை ஓடவிட்டு, நடுவே சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தினார். வேகம் குறைந்திருக்கையில் இழை கலையாது ஓடிற்று. வேகம் கூடியபோது குலைந்து கலங்கிற்று. வேகம், விட்டம், பாகுநிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் ரெயினோல்ட்ஸ் எண் ஏறத்தாழ 2000ஐத் தாண்டும்போது இம்மாற்றம் நிகழும் என்று பாடநூல்கள் கூறும். இன்று மாணாக்கன் ஒருவன் 3500இலே இழை கலையக் கண்டால், தான் பிழைத்துவிட்டதாக எண்ணி 2300 என்று எழுதிவிடுவான். ஆனால் ரெயினோல்ட்ஸ் தாமே, நீரை நெடுநேரம் அசையாது நிற்க விட்டுச் செய்தபோது, 13,000 அளவு வரைக்கும் இழை கலையாதிருக்கக் கண்டார்! பல ஆண்டுகள் கழித்து, மான்செஸ்டரிலே அவருடைய அதே கருவியைக் கொண்டு மீண்டும் செய்து பார்த்தபோது அவ்வளவு உயர்ந்த எண்ணை எட்ட முடியவில்லை. காரணம், தெருவிலே ஓடும் வாகனங்களின் அதிர்வு. பரிசோதனை மேசையின் ஓரத்தோடு முடிவதன்று, தெருவும் அதன் பகுதியே என்பதை இதனினும் தெளிவாக எந்த நூல் கற்பிக்கும்?

பெரியோர் அளவையும் அளந்து பார்த்தல்

அச்சிட்ட எண்ணை ஐயுறுதல் ஆணவமன்றோ என்று பெரியோர் சிலர் கேட்கலாம். ஐயுறுதல் வேறு, இகழ்தல் வேறு. இதற்கு ரைட் சகோதரர் சான்று. அவர்கள் ஓகாயோ மாநிலத்து டேற்றன் நகரிலே துவிச்சக்கர வண்டி செய்து விற்றவர்கள், பல்கலைக்கழகம் கண்டவர்களல்லர். 1900இலும் 1901இலும் அவர்கள் செய்த வழுக்கு விமானங்கள், அக்காலத்து அட்டவணைகளைக் கொண்டு கணித்த தூக்கு விசையைத் தரவில்லை. மனம் தளர்ந்தனர். ஆயினும் 'நம் கணக்குப் பிழை' என்றோ 'அறிஞர் பொய்த்தனர்' என்றோ துணிந்துவிடவில்லை. 1901ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, ஆறு அடி நீளமான மரப்பெட்டியொன்றின் ஊடாகக் காற்றைச் செலுத்தி, வாள் அலகுத் துண்டுகளாலும் வண்டிச் சில்லுக் கம்பிகளாலும் தராசு செய்து, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களைச் சோதித்தனர். காற்றழுத்தத்தைக் கணிக்க நெடுங்காலமாக வழங்கிய 0.005 என்னும் குணகமே பெரிதும் பிழை என்றும், அது 0.0033 அளவே என்றும் கண்டனர். அதே வேளை, தாம் ஐயுற்ற லிலியந்தால் என்பாரின் அட்டவணை, அவர் கையாண்ட சிறகு வடிவத்திற்குப் பெரும்பாலும் பொருந்துவதே என்றும் ஒப்புக்கொண்டனர். அவர்தம் 1902ஆம் ஆண்டு வழுக்கு விமானம் நன்கு பறந்தது; 1903 டிசெம்பர் 17இல் இயந்திர விமானமும் எழுந்தது. அளந்து பார்த்தபின் ஒன்றைத் தள்ளினர், மற்றொன்றைக் கொண்டனர். இதுவே ஐயுறுதலின் நேர்மை.

எதிர்பார்த்த விடை வந்ததும் நிறுத்திவிடும் பழக்கம் மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று. இலத்திரனின் ஏற்றத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த மில்லிக்கன், வளியின் பாகுநிலைக்குச் சற்றுப் பிழையான பெறுமானத்தைக் கொண்டமையால், சற்றுக் குறைந்த விடையைப் பெற்றார். அவருக்குப் பின் அளந்தோரின் விடைகள் ஒரேயடியாகச் சரியான பெறுமானத்துக்குத் தாவாமல், சிறிது சிறிதாகவே ஏறின என்று 1974இலே றிச்சட் பைன்மன் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டினார். மில்லிக்கனின் எண்ணைவிட மிக உயர்ந்த விடை வந்தபோது பிழை தேடினர்; கிட்டிய விடை வந்தபோது தேடவில்லை. பிடித்த விடையையும் பிடிக்காத விடையையும் ஒரே கண்டிப்போடு சோதித்தல் வேண்டும் என்பதை முதலாண்டிலேயே கற்பித்தல் நன்று.

தேநீரும் திட்டமும்

அளத்தலுக்கு முன்னே திட்டமிடுதல் உண்டு. அதனை விளக்க, நம் நாட்டுக்கு உறவான தேநீரையே எடுத்துக்கொள்வோம். கோப்பையிலே பாலை முதலில் வார்த்தனரா தேநீரை முதலில் வார்த்தனரா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்று இங்கிலாந்திலே ஒரு பெண்மணி கூறினார். இதனைச் சோதிப்பது எங்ஙனம் என்று றொனால்ட் பிஷர் என்னும் புள்ளிவிபரவியலறிஞர் 1935இல் வெளியிட்ட நூலிலே விளக்கியுள்ளார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதல், நான்கில் தேநீர் முதல், கொடுக்கும் ஒழுங்கு குலுக்கல் முறையில். வெறும் ஊகத்தாலே எட்டையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆதலின் எட்டையும் சரியாகச் சொன்னால் நாம் வியக்கலாம்.

ஒழுங்கைக் குலுக்கலுக்கு விடுவது ஏன்? கொங்கிறீற்றுக் கலவை இரண்டை ஒப்பிடும் மாணாக்கன், முதற் கலவையின் கட்டிகளையெல்லாம் காலையிலும் மற்றதன் கட்டிகளையெல்லாம் மாலையிலும் நசுக்கிப் பார்த்தானாயின், அவன் கண்ட வேறுபாடு கலவையினாலா, பகலிலே சூடேறிய இயந்திரத்தினாலா, களைத்துப்போன தன் கையினாலா என்று எவராலும் சொல்ல முடியாது. ஒழுங்கைக் குலுக்கியிருந்தால் இக்கலக்கம் நேராது. செலவில்லாத இவ்வொரு பழக்கம் எத்தனையோ வீண் பரிசோதனைகளைத் தடுக்கும்.

உயிரோடு தொடர்புடைய எண்கள்

இவையெல்லாம் நுணுக்கமே, உயிர்போகும் காரியமல்ல என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். 1986 சனவரி 28ஆந் திகதி அமெரிக்காவின் சலெஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கனில் சிதைந்து, எழுவர் மாண்டனர். உந்துகணையின் பகுதிகள் சேருமிடத்திலே வாயு கசியாது காக்கும் இறப்பர் வளையங்கள் குளிரிலே மீள்தன்மை குன்றியமையே காரணம். முதல் நாளிரவு பொறியியலாளர் சிலர், குளிர் மிகுதி, புறப்பட வேண்டாம் என்று எச்சரித்தனர். ஆயினும் அவர்கள் தம் தரவைக் காட்டிய விதம் எதிர்த்தரப்பை இணங்கச் செய்யவில்லை. வளையம் பழுதுற்ற பறப்புகளை மட்டும் எடுத்து நோக்கியபோது, வெப்பநிலைக்கும் பழுதுக்கும் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை.

விபத்தின் பின் அமைந்த ஆணைக்குழு, பழுதுறாத பறப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. 66 பாகை பரனைற்றும் அதற்கு மேலுமான வெப்பநிலையில் நிகழ்ந்த 20 பறப்புகளில் மூன்றிலேதான் பழுது. 63 பாகையும் அதற்குக் கீழுமானவை நான்கு, நான்கிலும் பழுது! அன்று காலையோ உறைநிலையை ஒட்டிய குளிர். ஒன்றும் நிகழாத வாசிப்பும் வாசிப்பே. அதனை விட்டுவிடுவோன் பாதி உண்மையையே வைத்துக்கொண்டு முழு முடிவு செய்கின்றான். பட்டதாரி வகுப்பிலே 'பொருந்தாத புள்ளியை அழித்துவிடு' என்று பழகியவனுக்கு இப்பாடம் எங்கே ஏறும்?

பாடநெறி எவ்வாறு அமைதல் வேண்டும்?

பொறியியற் கல்வியாளர் இதனை உணராமலில்லை. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் சன் டியாகோ நகரிலே அவர்கள் கூடி, ஆய்வுகூடக் கல்விக்கு 13 நோக்கங்களை வகுத்தனர். கருவிகளைக் கையாளுதல், கொள்கையின் எல்லை காணுதல் என்பவற்றோடு, தோல்வியினின்று கற்றல், ஆய்வுகூடத்தில் அறநெறி நிற்றல் என்பனவும் அவற்றுள் அடங்கும். பொறியியற் பட்டங்களை நாடுகள் தம்முள் ஏற்பதற்காக 1989இல் ஏற்பட்ட வாஷிங்டன் உடன்படிக்கையிலே இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் 2014இற் சேர்ந்துள்ளது. அதன் தகைமைகளிலும் பரிசோதனையைத் திட்டமிட்டு ஆராயும் ஆற்றல் இடம்பெறுகின்றது. ஆகவே கொள்கை உண்டு. வேண்டுவது நடைமுறை. அதற்கு நாம் சில முறைகளைக் கூற விரும்புகின்றோம்.

முதலாவது, கொப்பி. வாசிப்புகளை மையினால் நேரே கொப்பியில் எழுதுக. பிழைத்தால் ஒரு கோடு கிழித்து அருகே சரியானதை எழுதுக, அழித்தல் கூடாது. கோடு கிழித்த எண்ணும் ஒருநாள் பயன்படும்.

இரண்டாவது, கருவியை நம்புமுன் சோதித்தல். வெப்பமானியை உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் இட்டுப் பார்த்த பின்னரே அடுப்பில் இடுக. தராசைத் தெரிந்த நிறையால் அறிக.

மூன்றாவது, அளக்குமுன் ஐயத்தைக் கணித்தல். எந்த அளவீடு விடையை மிகுதியும் கெடுக்கும் என்பதை முன்னரே கண்டு, அங்கே உழைப்பைச் செலவிடுக. ஊசலின் நீளத்தில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் புவியீர்ப்பு ஆர்முடுகலில் நூற்றுக்கு ஒன்று பிழைக்கும். அலைவு காலத்தில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலோ நூற்றுக்கு இரண்டு பிழைக்கும். எங்கே விழிப்பு வேண்டுமென்பதைச் சூத்திரமே சொல்லிவிடுகின்றது.

நான்காவது, குறைவாகச் செய்து ஆழமாகச் செய்தல். ஒரு தவணையிற் பத்துப் பரிசோதனைகளை ஓட்டமாய் முடிப்பதினும், நான்கினை இருமுறை மும்முறை திருத்திச் செய்தல் மேலானது. அவற்றுள் ஒன்றேனும் மாணாக்கர் தாமே வினா எழுப்பி, தாமே திட்டமிட்டதாக இருத்தல் வேண்டும். எவருக்கும் விடை தெரியாத வினாவாயின் இன்னும் நன்று. அப்பொழுது பார்த்தெழுதக் கொப்பி எதுவும் இராது.

ஐந்தாவது, புள்ளியிடும் முறை. 9.4 என்று எழுதி, அதன் ஐயத்தை உண்மையாகக் கணித்து, திரிபு எங்கேயிருக்கலாம் என்று சோதித்தவனுக்கு நிறைந்த புள்ளி கொடுக்க வேண்டும். 9.81 என்று எழுதி, வேறொன்றும் சொல்லாதவனுக்குக் குறைத்தே கொடுக்க வேண்டும். இவ்வொன்றை மாற்றினால் மற்ற நான்கும் தாமே பின்தொடரும்.

'நம்மிடம் கருவியில்லை, பணமில்லை, மாணாக்கரோ பலர்' என்பது உண்மையான தடையே; அதனை நாம் இலேசாகக் கருதவில்லை. ஆனால் இதுவரை சொன்னவற்றை எண்ணிப் பாருங்கள். நூலும் குண்டும், மரப்பெட்டியும் சில்லுக் கம்பியும், எட்டுக் கோப்பைத் தேநீரும். வாளியிலே சிறு துவாரமிட்டு, நீர்மட்டம் இறங்கும் நேரத்தை அளந்து, சூத்திரத்தோடு ஒப்பிட்டாலே ஒரு வாரத்துக்குரிய வினாக்கள் எழும். விலையுயர்ந்த கருவி வந்து தானே எண்ணைக் காட்டும்போது ஐயம் மறைந்து தோன்றுகின்றதே தவிர அற்றுப்போவதில்லை. கணினித் திரையிலே ஆறு தசமதானம் வரை தோன்றும் எண்ணை மாணாக்கன் தெய்வவாக்காகக் கொள்கின்றான். அதன் பின்னாலுள்ள கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இளைஞர்க்கும் பெரியோர்க்கும்

இளைஞர்களே! ஆய்வுகூடத்திலே உங்கள் எண் பாடநூலோடு ஒவ்வாதபோது வெட்கப்படாதீர்கள். கல்வி தொடங்கும் இடம் அதுவே. எழுதிய எண்ணை மாற்றுமுன், அதனை மாற்றுவதற்கு இயற்கை தந்த காரணம் உண்டா, புள்ளி தரும் காரணம் மட்டுமே உண்டா என்று உங்கள் நெஞ்சைக் கேளுங்கள். நாளை நீங்கள் கையொப்பமிடும் அறிக்கையை எவரும் மீண்டும் அளந்து பார்க்கமாட்டார்கள். உங்கள் சொல்லை நம்பியே பாலத்தின்மேல் நடப்பார்கள்.

பெற்றோர்களே, பெரியோர்களே! விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளையிடம் 'எத்தனை புள்ளி?' என்று கேட்பது இயல்பே. அதனோடு இன்னொன்றையும் கேளுங்கள்: 'தம்பி, தங்கச்சி, இம்முறை நீ அளந்ததில் உன்னை ஏமாற்றப் பார்த்தது எது? அதை எப்படிக் கண்டுபிடித்தாய்?' விடை சொல்லத் தெரிந்த பிள்ளை பொறியியல் கற்கின்றது என்று நீங்கள் நம்பலாம்.